ரேகைச் சட்டமும் பள்ளிக்கூடமும்: கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ 300 பள்ளிகளைக் கொண்ட அரசு கள்ளர் சீரமைப்புப் பள்ளி அமைப்பு, பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையின்கீழ் தனித்து இயங்க வேண்டுமா அல்லது பள்ளிக் கல்வித் துறையோடு இணைய வேண்டுமா என்னும் விவாதம் 2023 மார்ச் மாதத் தமிழக நிதிநிலை அறிக்கைக்குப் பின் வலுத்தது. நாங்குநேரியில் ஒரு மாணவர் தாக்கப்பட்டதையடுத்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூன் மாதம் அளித்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் நீங்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பெயரும் துறையும் குறித்து மதுரையிலும் உசிலம்பட்டியிலும் இரு தரப்பிலும் உணர்ச்சி மிகுந்த வாதங்கள் எழுந்துள்ளன. இம்மடல் அவற்றுக்குத் தீர்ப்புச் சொல்ல முற்படவில்லை. பெயர் மாறினாலும் மாறாவிட்டாலும், இப்பள்ளிகள் எந்தச் சட்டத்தின் நிழலில் பிறந்தன, அச்சட்டம் இப்பிள்ளைகளின் பாட்டன் பூட்டன்களை என்ன செய்தது என்பதை வகுப்பறையில் முறையாகச் சொல்லும் கடமை இப்பள்ளி ஆசிரியர்களுக்கு உண்டு என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

அச்சட்டத்தை அரசு 'குற்றப் பழங்குடியினர் சட்டம்' என்றது. உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டார மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். 1857 கிளர்ச்சிக்குப் பின், ஊர் ஊராக நடமாடும் மக்களையும் ஆயுதம் வைத்திருந்த மக்களையும் ஐயத்தோடு பார்த்த ஆங்கிலேய அரசு, 1871இல் இதனை முதலில் வட இந்தியாவில் கொண்டுவந்தது. இந்தியாவில் ஒவ்வொரு தொழிலும் சாதிவழி வருவதுபோலக் குற்றமும் பிறப்புவழி வருகிறது என்பதே அன்று முன்வைக்கப்பட்ட வாதம். ஒருவர் என்ன செய்தார் என்று விசாரித்துத் தண்டிப்பது குற்றவியல் நீதியின் அடிப்படை. இச்சட்டமோ ஒருவர் யாருக்குப் பிறந்தார் என்பதைப் பார்த்து, செய்யாத குற்றத்துக்கும் முன்கூட்டியே கண்காணிப்பை விதித்தது. ஒரு சமூகம் குற்றப் பழங்குடி என்று அரசிதழில் அறிவிக்கப்பட்டுவிட்டால், அந்த அறிவிப்புச் சரியா என்று கேட்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை என்று சட்டமே கதவை அடைத்தது.

1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரை நகரை ஒட்டிய கீழக்குடிக் கள்ளர்கள் 1914இல் அறிவிக்கப்பட்டனர். 1918இல் அது பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதற்கும் விரிந்தது. வயதுவந்த ஆண்கள் பத்து விரல் ரேகையையும் பதிய வேண்டும்; பலர் இரவுதோறும் காவல் நிலையத்திலோ ஊர்ப் பொது இடத்திலோ போலீஸ் கண்பார்வையில் படுத்தெழ வேண்டும்; ஊரைவிட்டு வெளியே போனால் எங்கே, எதற்கு, எத்தனை நாள் என்பதை எழுதிய அனுமதிச் சீட்டு கையில் இருக்க வேண்டும். ராதாரிச் சீட்டு என்று மக்கள் வழங்கிய அந்தத் தாள் இல்லாமல் சந்தைக்கோ உறவினர் வீட்டு எழவுக்கோ போனவர் குற்றவாளியானார். பட்டியலிடப்பட்ட குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் குறைந்தது ஏழாண்டுச் சிறை, மூன்றாம் முறை என்றால் ஆயுள் முழுவதும் நாடுகடத்தல் என்பது சட்டத்தின் அளவுகோல். மணமான இளைஞரும் இரவில் வீட்டில் தங்க முடியாமல் நிலையத்துக்குப் போன அவலத்தை அவ்வூர்களின் முதியோர் தம் பெற்றோர் வாய்மொழியாகக் கேட்டு இன்றும் சொல்கின்றனர்.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்கக்கூடிய கேள்வி, 'அப்படியானால் நம் முன்னோர் திருடவே இல்லையா' என்பதாக இருக்கும். அக்கேள்வியைத் தவிர்க்காமல் எதிர்கொள்வதற்கு, சட்டத்துக்கு முந்தைய மதுரைச் சீமையின் நிலையை ஆசிரியர் அறிந்திருப்பது நல்லது. மதுரைக்கு மேற்கே எட்டு நாடு, இருபத்துநான்கு உபகிராமம் என்று தமக்குள் வகுத்துக்கொண்ட பிரமலைக் கள்ளர் நாடு, நாயக்கர் ஆட்சியிலும் பெருமளவு தன்னாட்சியோடு இயங்கியது. ஊர்க்காவல் அன்று முறையான ஏற்பாடாக இருந்தது: ஒரு ஊரின் களத்து நெல்லையும் தொழுவத்து மாட்டையும் காப்பதாகக் காவல்காரர் பொறுப்பேற்பார்; அதற்கு விளைச்சலில் ஒரு பங்கு பெறுவார்; பொருள் களவு போனால் மீட்டுத் தரவோ ஈடு கட்டவோ கடமைப்பட்டவர். மாடு திரும்ப வருவதற்குத் துப்புக்கூலி கொடுக்கும் வழக்கமும் இதனோடு ஒட்டியே வளர்ந்தது. இம்முறையில் வன்முறையும் மிரட்டலும் கலந்திருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. காவல் கூலி கொடுக்க மறுத்த ஊரில் களவு நடப்பதும், அதனால் உழுகுடிகள் வெறுப்படைந்ததும் உண்மை. 1896இல் திண்டுக்கல் பகுதி விவசாயிகள் ஒன்றுகூடிக் கள்ளர் காவலை எதிர்த்துக் கிளம்பினர். அவர்களின் குறையும் கற்பனையன்று.

ஆனால் இந்த ஏற்பாடு சீர்குலைந்ததில் கும்பினி எனப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கும் அதன் பின்வந்த அரசுக்கும் உள்ள பங்கைச் சொல்லாமல் விட்டால் கதை பாதியில் நின்றுவிடும். பாளையக்காரர்களை ஒடுக்கிய கையோடு கும்பினி, காவல் உரிமைகளையும் காவல் வருவாயையும் பறித்தது. 1859இல் மாகாணம் முழுமைக்கும் சம்பளப் போலீஸ் அமைந்தபோது, காவலையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர்களுக்கு அதில் இடமோ மாற்று நிலமோ முறையாக வழங்கப்படவில்லை. அரசின் பார்வையில் காவல் என்பது சட்டத்துக்குப் புறம்பானதாக மாறிய அந்த நாளிலேயே காவல்காரர் கள்வராகவும் மாறிவிட்டார். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1978இல் வெளியிட்ட கட்டுரை, கள்ளர் மீதான குற்ற முத்திரையை இந்தக் காவல் வரலாற்றின் வெளிச்சத்தில் மறுபரிசீலனை செய்தது. அதற்கும் வெகுமுன்பே, 1755இல், கர்னல் ஹெரான் என்ற கும்பினித் தளபதி மதுரையருகே கோயில் ஒன்றின் திருமேனிகளை வாரிக்கொண்டு திரும்பியபோது, நத்தம் கணவாயில் அவன் படையை மறித்துத் தாக்கி அவற்றை மீட்டவர்கள் மேலூர்ப் பக்கத்துக் கள்ளர்கள். கோயிலைக் கொள்ளையிட்ட தளபதியின் இனம் குற்றப் பரம்பரை என்று எந்த அரசிதழிலும் அறிவிக்கப்படவில்லை என்பதை நினைக்கும்போது, முத்திரை குத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பது விளங்கும்.

நிலமும் நீரும் இதில் வகித்த பங்கு இன்னும் கூர்மையானது. முல்லைப்பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டு, மேற்கே பாயவிருந்த நீர் வைகை வழியாக மதுரைச் சமவெளிக்குத் திரும்பியது. அந்நீர் மேலூர் வட்டத்தை நஞ்சையாக்கியது. அங்கிருந்த கள்ளர் பலர் இரண்டு மூன்று தலைமுறைக்குள் நிலைத்த உழவராயினர். பிரமலைக் கள்ளர் மீது இறங்கிய அளவுக்கு ரேகைச் சட்டத்தின் பாரம் அவர்கள் மீது இறங்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் கரிசலும் செம்மண்ணுமான மேட்டுநிலம். வாய்க்கால் நீர் எட்டாத பூமி. மழை பொய்த்தால் சோளமும் பொய்க்கும். ஒரே பெயர் தாங்கிய மக்கள், ஒரு பக்கம் தண்ணீர் வந்ததும் உழவர், மறுபக்கம் தண்ணீர் வராததால் பரம்பரைக் குற்றவாளி என்றால், குற்றம் இரத்தத்தில் ஓடுகிறது என்ற வாதத்தை மறுக்க இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வைகை அணை நீரை உசிலம்பட்டிப் பகுதிக்குக் கொண்டுவரும் 58 கிராமக் கால்வாய்த் திட்டத்துக்காக விடுதலைக்குப் பின்னும் மக்கள் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்ததையும், 2018இல்தான் அதில் சோதனை நீர் ஓடியதையும் இதே பாடத்தின் தொடர்ச்சியாகச் சொல்லலாம். புவியியல் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் சேர்ந்து ஒரு வரைபடத்தை வைத்து நடத்தக்கூடிய பாடம் இது.

கைரேகையின் பயணத்தையும் பிள்ளைகள் அறிய வேண்டும். விரல் ரேகையைப் பிரித்து வகைப்படுத்தும் முறை வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்டு ஹென்றியின் பொறுப்பில், கல்கத்தாவில் 1897இல் அலுவலக முறையாகி, 1901இல் இலண்டன் ஸ்காட்லாந்து யார்டை எட்டியது. அம்முறை தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் வாழ்ந்த இந்தியர் மீது ஏவப்பட்டபோது, காந்தியின் தலைமையில் தமிழர் உட்படப் பலர் பதிவுச் சீட்டுகளை எரித்துச் சிறை சென்றனர். நாடே அவர்களைப் போற்றியது. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே பதிவை உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் அவ்வூரைச் சூழ்ந்த போலீசார் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்ததாக ஊர்மக்கள் கணக்கு வைத்து, அவர்களை நினைவுத்தூண் எழுப்பி ஆண்டுதோறும் வணங்கி வருகின்றனர். பிடிபட்டவர்கள் விலங்கிடப்பட்டுத் திருமங்கலம் வரை நடத்திச் செல்லப்பட்டார்கள் என்பதும் ஊர் நினைவு. ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்து ஓராண்டு நிறைவதற்குப் பத்து நாள் முன் இது நடந்தது. அமிர்தசரஸ் இந்தியப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்த பெயராகிவிட்டது. பெருங்காமநல்லூர் வைகைக்கரை தாண்டினால் பலருக்குத் தெரியாத பெயராகவே இருக்கிறது. சுடப்பட்டவர்கள் 'குற்றப் பழங்குடி' என்று முன்பே எழுதப்பட்டுவிட்டதால், அவர்கள் மரணம் தேசத்தின் துக்கமாக எண்ணப்படவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம்.

அம்மக்களுக்காக நீதிமன்றம் ஏறியவர்களுள் முதன்மையானவர் மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப். கேரளத்தின் செங்கன்னூரில் பிறந்த அந்தச் சிரியன் கிறித்தவரை அவ்வூர் மக்கள் ரோசாப்பூ துரை என்று அழைத்து, அப்பெயரைத் தம் பிள்ளைகளுக்கும் இட்டனர். பின்னாளில் உ. முத்துராமலிங்கத் தேவரும் பொதுவுடைமையாளர் ப. ஜீவானந்தமும் இச்சட்டத்தை எதிர்த்து மேடை மேடையாகப் பேசினர். பல சமயம், பல சாதி, பல கட்சி சார்ந்தோர் இணைந்து நடத்திய போராட்டம் இது என்பது, அதை ஒரு சாதிக்கு மட்டும் சொந்தமாக்கும் சுவரொட்டிகளுக்கு மாற்றாகப் பிள்ளைகள் கேட்க வேண்டிய செய்தி.

இனிப் பள்ளிகள். 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, அறிவிக்கப்பட்ட சமூகத்தின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்க அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவு இருந்தது. கனடாவில் பூர்வகுடிக் குழந்தைகளை உறைவிடப் பள்ளிகளில் அடைத்து அவர்கள் மொழியை மறக்கடித்த கொள்கையும், ஆஸ்திரேலியாவில் பழங்குடிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பறித்த கொள்கையும் இதே காலத்தில் இதே எண்ணத்தில் வேர்கொண்டவை: பெற்றோர் திருந்தார், பிள்ளையைப் பிரித்தால் திருந்தும். அந்நாடுகளில் 2008இல் பிரதமர்கள் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டனர். மதுரைச் சமவெளியில் நடந்தது அதிலிருந்து ஒரு முக்கியமான வகையில் வேறுபட்டது. 1920க்குப் பின் வந்த கள்ளர் சீரமைப்புத் திட்டம் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே பள்ளிகளைத் திறந்தது. விடுதிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் கிணறு வெட்டக் கடனும் அதனோடு வந்தன. பிள்ளைகள் தமிழிலேயே படித்தனர், மாலையில் வீடு திரும்பினர். தந்தை இரவில் காவல் நிலையத்துக்கும் மகன் பகலில் அரசுப் பள்ளிக்கும் போன அந்த ஆண்டுகளில், ஒரே அரசின் இரு கைகளும் ஒரே குடும்பத்தைத் தொட்டன. அடக்கவும் பழக்கவும் நினைத்துத் திறந்த பள்ளியை, மக்கள் தமக்கான பள்ளியாக மாற்றிக்கொண்டனர். ஆசிரியர்களும் மருத்துவர்களும் அரசு அலுவலர்களும், சட்டம் எதிரியாகக் கருதிய அதே சமூகத்திலிருந்து காவல் அதிகாரிகளும், இவற்றிலிருந்து வந்தார்கள். அப்பள்ளிகளை இழக்க மக்கள் ஏன் அஞ்சுகிறார்கள் என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. அந்த அச்சத்தை வெறும் சாதிப் பற்று என்று ஒதுக்குவது நியாயமாகாது.

சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31ஆம் நாளிலும் நீங்கியது. அறிவிப்பு நீக்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் சீர்மரபினர் எனப்பட்டனர். 68 சமூகங்கள் அப்பட்டியலில் உள்ளன. பிரமலைக் கள்ளரோடு வலையரும் குறவர் பிரிவுகளும் ஒட்டரும் அதில் அடங்குவர் என்பதையும், ஊர் நிலமும் ஓட்டு எண்ணிக்கையும் இல்லாத சிறு சமூகங்களுக்கு விடுதலைக்குப் பின்னும் ஒரு பள்ளியும் கிட்டவில்லை என்பதையும் மறக்கலாகாது. சட்டம் போன பின் அதன் இடத்தில் வழக்கமான குற்றவாளிகளைக் கண்காணிக்கும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் வந்து அமர்ந்தது. 1979இல் மாநில அரசு 'பழங்குடியினர்' என்ற சொல்லை நீக்கிச் 'சமூகங்கள்' என்று மாற்றியதால், மத்திய அரசின் திட்டங்களுக்குச் சான்றிதழ் கிடைப்பதில் நாற்பதாண்டுச் சிக்கல் விளைந்தது. 2019இல்தான் அது ஓரளவு சரிசெய்யப்பட்டது. சீர்மரபினர் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த ரெங்கே ஆணையம் 2008இலும், அதன் பின் இதாதே ஆணையமும் அறிக்கை தந்தன. அவற்றின் முக்கியப் பரிந்துரைகள் இன்னும் காத்திருக்கின்றன. இவற்றுக்கு முன்பே, 1993இல் முதனை கிராமத்துக் குறவர் இராசாக்கண்ணு காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வழக்கை நடத்திய வழக்கறிஞரே பின்னாளில் மேற்சொன்ன குழுவுக்குத் தலைமையேற்ற நீதிபதி சந்துரு. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாக நடத்தும் சிறை விதிகளை உச்சநீதிமன்றம் செல்லாதென்று அறிவித்தது 2024 அக்டோபரில்தான். சட்டம் இறந்து 72 ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் எழுத்து சிறைக் கையேடுகளில் உயிரோடு இருந்திருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பின், சொல்லக் கடினமான இன்னொன்றும் உண்டு. உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஆகிய ஊராட்சிகளில், தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் நடக்கவிடாமல் தடுக்கப்பட்டது. 2006இல்தான் அது முறையாக நடந்தது. மேலூர்ப் பக்கம் மேலவளவில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டனர். பிறப்பைக் காட்டி ஒரு மனிதனின் இடத்தை முடிவுசெய்யும் கொடுமையை அரசிடமிருந்து அனுபவித்த மக்கள் வாழும் அதே மண்ணில், அதே அளவுகோல் பக்கத்துத் தெரு மனிதர்மேல் வைக்கப்பட்டது. பெருங்காமநல்லூரைச் சொல்லும் ஆசிரியர் பாப்பாபட்டியைச் சொல்லாமல் விட்டால், வரலாறு பெருமைப் பேச்சாகச் சுருங்கிவிடும். பாப்பாபட்டியை மட்டும் சொல்லிப் பெருங்காமநல்லூரை விட்டால், பழைய முத்திரை புதிய மையில் மறுபடி குத்தப்படும். இரண்டையும் ஒரே பாடவேளையில் சொல்லும் துணிவு இம்மண்ணின் ஆசிரியர்களிடம் எதிர்பார்க்கப்படுகிறது. இப்பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து படிப்பதால், அதற்கு இதைவிடப் பொருத்தமான இடமும் இல்லை.

பொதுப் பாடநூல் எல்லா மாவட்டத்துக்கும் சேர்த்து எழுதப்படுவது. அதில் ஒரு சட்டத்துக்குச் சில வரிகளே கிடைக்கும். மிச்சத்தை உள்ளூரிலிருந்துதான் நிரப்ப வேண்டும். பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளும் ஆய்வாளர் குறிப்பேடுகளும் இரும்பு அலமாரிகளில் செல்லரித்துக்கொண்டிருந்தால், துறை மாற்றத்தின்போது அவை கழிவுத்தாளாக எடைக்குப் போகும் ஆபத்து உண்டு. தலைமையாசிரியர்கள் அவற்றை உடனே பட்டியலிட்டு, படியெடுத்து, மூலத்தை மதுரையில் ஒரு பொது ஆவணக் காப்பில் சேர்க்கும்படி இயக்குநரகத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். ராதாரிச் சீட்டுகளோ ரேகைப் பதிவு தொடர்பான தாள்களோ வீடுகளில் எஞ்சியிருந்தால், குடும்பத்தாரின் இசைவோடு அவற்றையும் படியெடுக்கலாம். தம் பாட்டியிடம் கேட்டதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு பக்கம் எழுதிவந்தால், அதுவும் ஆவணமே. பட்டியல் சாதிக் குடும்பத்துப் பிள்ளை எழுதும் பக்கமும் அதே கட்டில் சேர வேண்டும். வரும் ஏப்ரல் 3க்கு முன் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியும் இதில் ஒன்றையாவது தொடங்கிவிடுமானால், பெயர்ப்பலகை குறித்த முடிவு எப்படி அமைந்தாலும் பள்ளிக்கு உள்ளே இருக்கும் வரலாறு பிள்ளைகளின் கையில் இருக்கும்.